கொடுவா ஏன் அகப்படவில்லை: கருவாட்டுக் கடைக்கு ஒரு தீம், கூடவே ஒரு பக் ரிப்போர்ட்

சித்தப்பாவுக்குத் தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்தத் தடைக்காலத்தில் பச்சை மீன் விலை ஏறும், கருவாடு கேட்டு போன் மேல் போன் வரும். "ஒரே விலையை நூறு பேருக்குச் சொல்லி வாய் வலிக்குதுப்பா, ஒரு வெப்சைட் போட்டுக் குடு" என்றார். நான் மண்டபத்தில் உட்கார்ந்து வெளியூர்க்காரர்களுக்கு வெப்சைட் வேலை செய்கிறவன். பாலம் தாண்டினால் சித்தப்பா வீடு. ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று வாய்விட்டேன். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய பிறகும் நான் அதே வேலையில்தான் கிடந்தேன்.

வேர்ட்பிரஸ் என்று முடிவுசெய்ததில் பெரிய யோசனை எதுவும் இல்லை. 2003 மே மாதத்திலிருந்து இருக்கிற மென்பொருள், ஜிபிஎல் என்ற திறந்த உரிமம், காசு கிடையாது, நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் ராமநாதபுரத்தில் யாராவது ஒரு பையன் பார்த்துக்கொள்வான். தளத்துக்குத் தோற்றம் தரும் இலவச தீம் ஒன்றை இறக்கிப் போட்டேன். ஆங்கில மாதிரிப் பக்கத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. தமிழைப் போட்டதும் குடும்பமே சேர்ந்து ஒரு ஸ்கூட்டரில் ஏறியது மாதிரி ஆகிவிட்டது. 'கான்டாக்ட்' என்று ஏழு ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த மெனுவில் 'தொடர்புகொள்ள' எப்படி அடங்கும்? வரிகளுக்கு இடையே 1.2 மடங்கு இடைவெளி விட்டிருந்தார்கள். மேல் வரியின் 'மூ', 'தூ' கீழே தொங்க, கீழ் வரியின் 'தீ', 'லி' மேலே எழும்ப, இரண்டும் கொம்பில் கொம்பு மாட்டிக்கொண்டு நின்றன. பொத்தானின் உயரத்தை 36 பிக்சல் என்று கட்டிவைத்து, மிஞ்சுவதை மறைக்கச் சொல்லியிருந்ததால் 'கூடை'யின் சுழி பாதி காணாமல்போனது.

சரி, நாமே எழுதிக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன். 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வந்த, கட்டங்களை அடுக்கிப் பக்கம் அமைக்கும் பிளாக் தீம் முறை புதியவர்களுக்கு நல்லது. எனக்குக் கை பழகியது பிஎச்பி மொழியில் நிரல் எழுதும் பழைய வழி. ஸ்டைல் கோப்பு ஒன்று, இண்டெக்ஸ் கோப்பு ஒன்று, இரண்டும் இருந்தால் வேர்ட்பிரஸ் அதைத் தீமாக ஏற்றுக்கொள்ளும். அங்கிருந்து ஆரம்பித்தேன்.

எழுத்துரு எதையும் தனியாக ஏற்றவில்லை. ஆண்ட்ராய்டு போனிலேயே நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கிறது, ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்என் இருக்கிறது. கருவாடு வாங்க வருகிறவர் எழுத்துருவைப் பார்த்து ஆர்டர் போடப்போவதில்லை. வரி இடைவெளி 1.7, தலைப்புக்கு 1.45. உயரம் என்று எங்குமே எழுதவில்லை, உள்விளிம்பு மட்டும்தான். நீளமான சொல் வந்தால் உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளச் சொன்னேன். இவ்வளவு செய்ததும் 360 பிக்சல் அகலமுள்ள போனில் பக்கம் அடங்கிவிட்டது.

நிறம்தான் என்னை ஏமாற்றியது. விலைக்குக் கீழே 'கிலோவுக்கு', 'இருப்பு உள்ளது' போன்ற சின்னக் குறிப்புகளுக்கு வெளிர் சாம்பல் கொடுத்திருந்தேன், #999. அறைக்குள் லேப்டாப்பில் நாசூக்காகத் தெரிந்தது. காயப்போட்ட இடத்துக்கே போய்ச் சித்தப்பாவிடம் போனைக் காட்டினேன். பகல் பதினொரு மணி, வெள்ளை மணல், தார்ப்பாயில் நெத்திலி வெள்ளி மாதிரிப் பளபளக்கிறது. அவர் போனைச் சாய்த்தார், கையால் நிழல் பிடித்தார், கடைசியில் துண்டைத் தலையில் போட்டு அதற்குள் போனை வைத்துப் பார்த்தார். "வெறும் வெலை மட்டும் போட்டிருக்க, கிலோவுக்கா அரைக்கிலோவுக்கான்னு போடலையேப்பா" என்றார். போட்டிருந்தேன். வெயிலுக்குத் தெரியவில்லை.

வலைப்பக்கங்களின் அணுகல் விதிகளில் இதற்கு ஓர் அளவு உண்டு. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 மாறுபாடு வேண்டும். வெள்ளையில் #999 வெறும் 2.85. கொஞ்சம் கறுப்பாக்கி #777 வைத்தால் 4.48, மயிரிழையில் தோற்கும். நான் நேரே #333-க்குப் போனேன், 12.6 கிடைக்கிறது. அதற்கப்புறம் எந்த நிறம் வைத்தாலும் பதினொரு மணிக்கு வாசலில் நின்று போனில் பார்த்துவிட்டுத்தான் சேமிக்கிறேன்.

அடுத்தது தலைப்பு வெட்டும் கதை. ஒவ்வொரு கருவாட்டுக்கும் ஓர் அட்டை, அதில் படம், தலைப்பு, விலை. தலைப்பு நீண்டால் அட்டை கோணலாகும் என்று 40-இல் வெட்டிவிடச் சொல்லிப் பழைய பழக்கத்தில் ஒரு வரி எழுதினேன். 'உப்புப் போடாத நெத்திலி' என்ற அட்டையில் 'உப்புப் போடாத' வந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பிஎச்பி கட்டளை எழுத்தை எண்ணுவதில்லை, சேமிப்பின் அலகான பைட்டை எண்ணுகிறது. எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், 'ப்' என்றால் ப ஒரு குறி, புள்ளி ஒரு குறி. 'உப்புப்' 21 பைட், இடைவெளி 1, 'போடாத' 15, மறுபடி இடைவெளி 1, ஆக 38. மிச்சமிருந்த 2 பைட்டில் 'ந' எப்படி நுழையும்? மூன்றில் இரண்டு பங்கு 'ந'வைத்தான் வைரமாகக் காட்டியிருக்கிறது. பாதுகாப்புக்காகத் தலைப்பை வடிகட்டும் வேர்ட்பிரஸ் கட்டளையைச் சேர்த்தேன், இன்னும் மோசம்: பிழையான பைட்டைக் கண்டதும் அது முழுத் தலைப்பையும் வெறுமையாக்கிவிட்டது. எழுத்தை எண்ணும் இன்னொரு கட்டளைக்கு மாற்றி 15 கொடுத்தால் 'உப்புப் போடாத ந' என்று வந்தது. அதன் கணக்கில் 'நெ' என்பது இரண்டு, 'ந' ஒன்று, கொம்பு ஒன்று.

கடைசியில் வெட்டும் வரியையே தூக்கிவிட்டேன். இரண்டு வரிக்கு மேல் போனால் மூன்று புள்ளி வைக்கச் சொல்லி, பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் விட்டேன். எங்கே முறிக்கலாம் என்று பிரவுசருக்குத் தெரியும், எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும்.

முகவரிப் பட்டையிலும் இதே கூத்து. 'தங்கச்சிமடம் நெத்திலி கருவாடு' என்று தலைப்புக் கொடுத்தால், பக்கத்தின் முகவரி 'தங்கச்சிமடம்-நெத்திலி-கர' என்று நின்றுவிடுகிறது. வேர்ட்பிரஸ் முகவரிப் பெயருக்கு 200 இடம் வைத்திருக்கிறது, ஒரு தமிழ்க் குறி அதில் சதவீதக் குறியோடு குறியாக்கமாகி 9 இடம் பிடிக்கும். ஊர் பெயர் 108, கோடு 1, நெத்திலி 72, கோடு 1, இதுவரை 182. மீதி 18-இல் 'க', 'ர' இரண்டுதான் அடங்கும், 'ரு'வின் உகரம்கூட வெளியே. தேடிப்பார்த்தால் இந்த 200-ஐ 400 ஆக்கச் சொல்லி மிகப் பழைய கோரிக்கை ஒன்று வேர்ட்பிரஸின் பிழைப் பதிவேடான ட்ராக்கில் ஏற்கெனவே இருந்தது. புதிதாக நான் ஒன்றைத் திறக்கவில்லை. முகவரியை மட்டும் கையால் ஆங்கில எழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

இதெல்லாம் தீம் வேலை. இனிமேல்தான் நான் எதிர்பார்க்காத பாதி.

கருவாட்டு வகை இருபதுக்கு மேல் ஆனதால் மேலே ஒரு தேடல் கட்டம் வைத்தேன். தட்டத் தட்டப் பட்டியல் சுருங்கும் வகை, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கிடைத்த சின்னத் திறந்த மூல ப்ளகின் (துணை நிரல்) ஒன்று. 'நெத்தி' என்று தட்டினால் நெத்திலி மட்டும் நிற்கும். சித்தப்பா மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். "அண்ணே, கொடுவா இருக்குன்னு கண்ணுல தெரியுது, தேடுனா இல்லைங்குது" என்றாள். நானும் தட்டிப்பார்த்தேன். 'எதுவும் கிடைக்கவில்லை'. பட்டியலில் மூன்றாவது வரிசையில் கொடுவா கருவாடு கண்ணெதிரே இருக்கிறது.

உடனே ப்ளகினுக்குப் பக் ரிப்போர்ட், அதாவது பிழை அறிக்கை, எழுதினேன். இன்றைக்கு அதைப் படித்தால் எனக்கே கூசுகிறது. 'தமிழில் தேடல் வேலை செய்யவில்லை. உதாரணம்: கொடுவா.' அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து அதை எழுதியவர் பதில் போட்டார்: நீங்கள் கொடுத்த சொல்லையே பட்டியலில் இட்டு, அதையே தேடினேன், கிடைக்கிறது. ஒரு படமும் இணைத்திருந்தார். 'மீண்டும் உண்டாக்க முடியவில்லை' என்று மூடியும்விட்டார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. தமிழ் என்றால் யாருக்கும் அக்கறை கிடையாது என்று சித்தப்பா வீட்டுத் திண்ணையில் அரை மணி நேரம் பேசினேன். அவர் காரலைப் புரட்டிப்போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கச்சிதான் முடிச்சை அவிழ்த்தாள். விலை மாற்றும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தேன். பட்டியலில் இருந்த 'கொடுவா'வை அழித்துப் புதிதாக எழுதலாம் என்று பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தாள். 'கொ' மட்டும் மிச்சம். இன்னொரு தட்டு. 'கெ' ஆனது. "அண்ணே, நான் புதுசா தட்டுன கொ ஒரே தட்டுல க ஆகுது. இது ஏன் கெ ஆகுது?"

அங்கேதான் எனக்கு உறைத்தது. பிரவுசரில் நிரல் வரிகளைத் தட்டிச் சோதிக்கும் கன்சோலைத் திறந்து பட்டியலில் இருந்த சொல்லின் நீளத்தைக் கேட்டேன்: 7. நான் விசைப்பலகையில் தட்டிய கொடுவாவின் நீளம்: 6. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் யூனிகோடில் 'ொ' என்பதற்குத் தனியாக ஓர் எண் இருக்கிறது. அதையே 'ெ', 'ா' என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம், திரையில் வித்தியாசம் தெரியாது. 'ோ', 'ௌ' இரண்டுக்கும் இதே இரட்டை வழி உண்டு. தமிழில் இந்த மூன்றுக்கும், 'ஔ' என்ற உயிரெழுத்துக்கும்தான். போய்ப் பார்த்தால் பட்டியலில் கோலாவும் அகப்படவில்லை, பொடிக் கருவாடும் அகப்படவில்லை. நெத்திலி, சூடை, காரல், வாளை எல்லாம் ஒழுங்காக வந்தன.

பிரிந்த எழுத்து எங்கிருந்து வந்தது? விலைப்பட்டியல் சித்தப்பாவிடம் முன்பே இருந்தது, டிடிபி கடையில் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த நோட்டீஸ். அந்தக் கோப்பை வாங்கி, யூனிகோடாக மாற்றும் கருவி ஒன்றில் போட்டு, வந்ததை அப்படியே ஒட்டியிருந்தேன். பாமினியில் கொம்பைத் தனியாக, காலைத் தனியாகத்தான் அடிப்பார்கள். மாற்றிய கருவி அவற்றை இடம் மாற்றியதே தவிர ஒன்றாகச் சேர்க்கவில்லை. ப்ளகின்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் ரிப்போர்ட்டில் போட்ட கொடுவா என் போனில் புதிதாகத் தட்டியது, 6 நீளம். அவர் அதை நகலெடுத்தார், அதையே தேடினார், கிடைத்தது.

இரண்டாவது ரிப்போர்ட்டை எழுத ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. என்ன பதிப்பு, எந்தப் பிரவுசர், எந்தப் போன். படி ஒன்று, படி இரண்டு. என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. முக்கியமாக, சொல்லை எழுத்தாக ஒட்டாமல் ஒவ்வொரு குறியின் எண்ணையும் வரிசையாகக் கொடுத்தேன், வழியில் ஏதாவது செயலி இரண்டை ஒன்றாக்கிவிட்டால் மறுபடியும் 'என்னிடம் வேலை செய்கிறது' என்றுதான் பதில் வரும். யூனிகோட் தரத்திலேயே இதற்கு மருந்து இருக்கிறது, என்எஃப்சி என்ற ஒழுங்குமுறை, பிரிந்ததைச் சேர்த்துவிடும், ஜாவாஸ்கிரிப்டில் ஒரே ஒரு கட்டளை என்றும் சேர்த்தேன். தூங்கி எழுவதற்குள் பதில் வந்திருந்தது. மூடியதைத் திறந்து, திருத்தம் ஒன்றை நிரலின் தனிக் கிளையில் (தனி நகலில்) வைத்து, சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்.

சோதிக்க வேர்ட்பிரஸ் ப்ளேகிரவுண்டைப் பயன்படுத்தினேன். பிஎச்பியையே பிரவுசருக்குப் புரியும் வெப்அசெம்பிளி வடிவத்துக்கு மாற்றிப் பிரவுசருக்குள் ஓடவிடுகிறார்கள். சர்வர் வேண்டாம், நிறுவ வேண்டாம், பக்கத்தை மூடினால் சுவடே இருக்காது. சித்தப்பா தளத்தைத் தொடாமல் எவ்வளவு வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். என் பழைய லேப்டாப்புக்கு அது பெரிய உபகாரம்.

ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன். பட்டியலில் இருப்பது சேர்ந்த கொடுவா அல்லது பிரிந்த கொடுவா. தேடுவது சேர்ந்தது அல்லது பிரிந்தது. திருத்தத்துக்கு முன்னால் சேர்ந்ததில் சேர்ந்ததும், பிரிந்ததில் பிரிந்ததும் அகப்பட்டன, குறுக்கே இரண்டும் அகப்படவில்லை. திருத்தத்துக்குப் பின் சேர்ந்த பட்டியலில் இரண்டும் அகப்பட்டன. பிரிந்த பட்டியலில் இரண்டுமே அகப்படவில்லை! அதாவது முன்பு சரியாக இருந்த ஒரு கட்டம் இப்போது கெட்டுவிட்டது. காரணம் எளிது: அவர் தேடும் சொல்லை மட்டும் ஒழுங்காக்கியிருந்தார், பட்டியலை அப்படியே விட்டிருந்தார். பிரிந்த சொல்லைத் தட்டினாலும் அது சேர்ந்து போய், பிரிந்த பட்டியலில் முட்டிக்கொண்டு திரும்பியது. நான்கு கட்டத்தையும் அப்படியே எழுதி அனுப்பினேன். அடுத்த திருத்தத்தில் இரண்டு பக்கமும் ஒழுங்காயின, நான்கும் தேறின. நான் கொடுவாவை மட்டும் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

இதில் நான் அவசரப்பட்ட இடமும் உண்டு. 'மௌனம்' என்பதைப் பலரும் 'மெளனம்' என்று தட்டுகிறார்கள், கொம்பு போட்டு, ம, அப்புறம் ள என்ற எழுத்து. பார்க்க அதே மாதிரி. இதை என்எஃப்சி சேர்க்காது, ஏனென்றால் ள தனி எழுத்து. அப்படியானால் கொம்புக்குப் பின் ள வந்தால் 'ௌ' ஆக்கிவிடுங்கள் என்று எழுதப்போனேன். அனுப்புவதற்கு முன் பட்டியலைப் பார்த்தேன். 'வெள்ளை இறால்'. கொம்பு, அடுத்து ள. நான் சொன்னபடி செய்திருந்தால் அதன் 'வெள' 'வௌ' ஆகிப்போய், 'வெ' வரை தட்டியவருக்கு வெள்ளை இறால் அகப்பட்டிருக்காது. எழுதியதை அழித்தேன். 'ஸ்ரீ'யிலும் இதே சிக்கல்: ஸ போட்டு எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ போட்டும் எழுதலாம், இரண்டையும் ஒரே உருவில் காட்டும் எழுத்துருக்கள் உண்டு, என்எஃப்சி தொடாது. இரண்டையும் 'தெரிந்த வரம்புகள்' என்ற தலைப்பில் ஆவணத்தில் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்.

அதன்பின் இது ஒரு பழக்கமாகிவிட்டது. வேர்ட்பிரஸ் புதிய பதிப்புக்குப் பீட்டா, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு, வரும்போது பீட்டா டெஸ்டர் ப்ளகின் வழியாக ஒரு தனி நகலில் ஏற்றி, என் தீமைப் போட்டு ஓட்டிப் பார்க்கிறேன். தீம் செய்கிறவர்களுக்கென்று வேர்ட்பிரஸ்காரர்கள் சோதனைத் தரவுக் கோப்பு ஒன்று தருகிறார்கள்: தலைப்பே இல்லாத பதிவு, மிக நீண்ட தலைப்பு, பின்னூட்டத்துக்குள் பின்னூட்டம் என்று தீமைத் திணறடிக்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கும். நல்ல கோப்பு, ஆனால் தமிழ் எழுத்து கிடையாது. அதனால் தனியாக ஒன்று சேர்த்து வருகிறேன். பிரிந்த கொடுவா, சேர்ந்த கோலா, மெளனமும் மௌனமும், லக்ஷ்மி, இரண்டு வகை ஸ்ரீ, முகவரியில் 'கர' ஆகும் கருவாடு, 'கூடை' பொத்தான், உடைக்க இடமே இல்லாத 'பயன்படுத்திக்கொண்டிருப்பவர்களுக்காக'. தங்கச்சி அவ்வப்போது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறாள். நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாது, ஆனால் நான் இதுவரை அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் பாதி அவள் கண்ணில் பட்டவை. பின்னாலிருந்து அழிப்பதை இப்போது வேண்டுமென்றே செய்கிறாள்.

ப்ளகினின் புதிய பதிப்பு வெளியான அன்று தங்கச்சிமடத்துக்குப் போயிருந்தேன். சித்தப்பா போனிலேயே தளத்தைத் திறந்து, பட்டியலைக் கைவைக்காமல், 'கொடு' என்று தட்டினேன். மற்றதெல்லாம் மறைந்து கொடுவா கருவாடு மட்டும் நின்றது. வாசலில் வெயில், 'கிலோவுக்கு' என்பதும் தெரிந்தது. போனை அவரிடம் நீட்டினேன்.

"கொடுவா தீந்து பத்து நாளாச்சு. அதை மொதல்ல எடுப்பா, ஆளுக கேட்டுக்கிட்டே இருக்காக."

எடுத்துவிட்டேன். சோதனைத் தரவில் மட்டும் இருக்கிறது, 7 நீளத்தோடு.